பூ வைத்தோம், உட்கார வெயில் வைக்கவில்லை

உதகைப் பக்கம் ஒரு தெருப் பூங்காவைச் சீர்படுத்தியதில் வீணாய்ப் போன பணத்தின் கணக்கு இது. செடிக்கு 38,000, தடுப்புச் சுவருக்கு 74,000, பெஞ்சுக்கு 25,200, படிக்கு 22,000, விளக்குக்கு 18,500. மொத்தம் 1,77,700 ரூபாய், கூடவே பதினான்கு மாதம். இதில் யாரும் தின்ற பணம் ஒரு காசு கிடையாது. எல்லாம் நல்ல எண்ணத்தில் தப்பாகச் செய்து, பிறகு பிரித்துப் போட்டு மறுபடி செய்த செலவு. எரிச்சல் என்னவென்றால், இந்தத் தப்புகளில் ஒன்றுகூடப் புதிதில்லை. சமவெளியில் பூங்கா போடுகிற முறையை அப்படியே மலைக்குத் தூக்கி வந்தால் எங்கேயும் நடப்பதுதான். முன்னாலேயே ஒருவர் உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் பாதிப் பணம் மிஞ்சியிருக்கும். மலையில் இதே வேலையில் இறங்கப் போகிற தெருக்காரர்களுக்காக, நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இடம் 20 சென்ட். அதாவது 800 சதுர மீட்டருக்குச் சற்று மேல். மனைப் பிரிவு போட்டபோது பொது உபயோகத்துக்கு என்று விட்ட நிலம். மேலே ரோடு, கீழே ஓடை, நடுவில் கிண்ணம் போல ஒரு பள்ளம். சுற்றி அறுபது வீடு. முதல் கூட்டத்தில் “என்ன வேண்டும்?” என்று கேட்டதும் வந்த பதில்கள்: பூ, நீரூற்று, போட்டோ எடுக்க ஒரு வளைவு. கேட்ட கேள்வியே தப்பு. பூங்கா என்றதும் யாருக்கும் மனதில் வருவது அரசு தாவரவியல் பூங்காதான். தோட்டக்கலை நிபுணர் மெக்ஐவர் 1848-ல் உருவாக்கத் தொடங்கி, 22 ஹெக்டேரில் தொட்டபெட்டாச் சரிவில் கிடக்கும் தோட்டம் அது. இல்லையென்றால் நூறாவது மலர்க்காட்சியின் நினைவாக 1995-ல் அடுக்கடுக்காகப் போட்ட ரோஜா பூங்கா. இரண்டும் பார்க்க வருகிற பூங்கா. வருஷத்தில் ஒருநாள் வருபவர் பூவைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் போவார். தெருப் பூங்காவோ இருக்க வருகிற பூங்கா. தினமும் வருபவர் மூன்றாம் நாளிலிருந்து பூவைப் பார்க்கவே மாட்டார். உட்கார இடம் காய்ந்திருக்கிறதா, வெயில் விழுகிறதா, ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கிறதா, அவசரத்துக்குக் கழிப்பிடம் உண்டா என்றுதான் பார்ப்பார். இந்த வித்தியாசம் புரிய எங்களுக்கு ஒரு டிசம்பர் ஆனது.

செப்டம்பரில் சால்வியா, பெட்டூனியா, சாமந்தி, டேலியா என்று 38,000 ரூபாய்க்கு வாங்கி நட்டாகிவிட்டது. அக்டோபர் மழையில் தளதளவென்று நின்றன. நவம்பரில் நீர்ப்பனி, அதையும் தாங்கின. டிசம்பர் மூன்றாவது வாரம் உறைபனி இறங்கிய முதல் இரவு பாத்தி முழுக்க வெள்ளை. வெயில் ஏறினதும் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. குளிர்காற்றும் தண்ணீரைப் போலத்தான், கனமாகிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் ஒரே தெருவில் மேட்டு வீட்டுச் செடி பிழைக்கும், கிண்ணத்தடியில் இருப்பது கருகும். பக்கத்துக் கேரட் தோட்டக்காரரைக் கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார். பனி விழும் இடத்தில் இரண்டே வழி. ஒன்று, பூச்செடியைத் தரையில் நடாமல் தொட்டியில் வைத்து, நவம்பர் கடைசியில் மேட்டுக்கோ கூரைக்கடியிலோ நகர்த்துவது. இரண்டு, தாவரவியல் பூங்காவில் வருஷா வருஷம் செய்வது போல, கோத்தகிரி மிலாறு என்கிற செடியை வெட்டி வந்து செடிமேல் கவிழ்த்து மூடுவது. மூடினால் தினம் காலை எடுக்கவும் சாயங்காலம் வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் பூவை மறந்துவிடுவது உத்தமம். புல்லுக்குக் கிக்குயு போதும். பனியில் பழுப்பாகும், ஏப்ரல் மழைக்குத் திரும்பப் பச்சை கட்டும். ஆனால் நவம்பருக்குப் பிறகு அதை ஒட்ட வெட்டக் கூடாது. மூன்று விரல் உயரமாவது விட்டால்தான் வேர் பிழைக்கும்.

செடி போனதைவிடப் பெரிய தப்பு அந்த டிசம்பரில்தான் கண்ணில் பட்டது. புதிதாகப் போட்ட ஆறு பெஞ்சும் காலி. ஜனங்கள் எங்கே என்று பார்த்தால் மேலே ரோட்டோரக் கைப்பிடிச் சுவரில், லாரி போகிற புழுதியில், வரிசையாக உட்கார்ந்து வெயில் காய்கிறார்கள்! மதுரையிலும் திருச்சியிலும் பூங்கா என்றால் நிழல். இங்கே பூங்கா என்றால் வெயில். இது தெரியாதவர் மலையில் இல்லை, எங்களுக்கும் தெரியும். இருந்தும் பெஞ்சு போடும்போது கை தன்னால் மரத்தடிக்குத்தான் போனது. தென்கிழக்கு எல்லையில் 20 மீட்டர் உயரத்தில் மூன்று சில்வர் ஓக். டிசம்பர் கடைசியில் காலை எட்டேகால், எட்டரைக்குச் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 22 டிகிரிதான் ஏறியிருக்கும். அந்தக் கோணத்தில் மரத்தின் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு நீளம் நிழல் விழும். 20 மீட்டர் மரத்துக்கு 50 மீட்டர். எங்கள் பூங்காவின் நீளமே 40 மீட்டர். ஆக, பத்து மணி வரை பெஞ்சுகளுக்கு வெயில் கிடையாது. பத்துக்குமேல் வெயில் காய்கிற கூட்டம் வேலைக்கோ சமையலுக்கோ போயிருக்கும்.

மரத்தை வெட்டிவிடலாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது, அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் எழுத்து அனுமதி இல்லாமல் மரத்தில் கை வைக்க முடியாது. அது நல்லதும்கூட. மரத்தை வெட்டுவதைவிடப் பெஞ்சை நகர்த்துவது மலிவு. இதற்கு ஒரு கிலோ சுண்ணாம்புத் தூளும் ஒரு காலைப் பொழுதும் போதும். டிசம்பர் 15-லிருந்து ஜனவரி 10-க்குள் மேகமில்லாத ஒருநாள், ஏழரையிலிருந்து பத்தரை வரை ஒவ்வொரு மணிக்கும், நிழல் முடிகிற ஓரத்தில் தூளைக் கோடாகத் தூவிக்கொண்டே வாருங்கள். நான்கு கோடு வரும். முதல் கோட்டுக்கு வெளியே இருக்கும் இடம் தங்கம். எங்களுக்கு அது பூங்காவின் வடகிழக்கில் ஒரு மேடு. குப்பை கொட்டிக் கிடந்த அந்தப் பக்கத்தை யாரும் கவனித்ததே இல்லை. மூன்று பெஞ்சு அங்கே போனது. மீதி மூன்று மரத்தடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டோம், ஏப்ரல், மே மத்தியான வெயிலுக்கு அதுவும் வேண்டும்.

பெஞ்சைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஒரு பூங்காவின் தலையெழுத்தே அதில்தான். நியூயார்க்கில் 1970-களில் வில்லியம் வைட் என்பவர் சதுக்கங்களில் கேமராவை வைத்து ஜனங்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஆராய்ந்தார். உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் உட்காருகிறார்கள் என்பதே அவருக்குக் கிடைத்த முக்கியமான பதில். சிரிப்பாக இருந்தாலும், பூங்கா போடுகிறவர்கள் முதலில் மறப்பது அதைத்தான். நாங்கள் வாங்கியது மெருகு போட்ட கிரானைட் பெஞ்சு. ஆயுசு கெட்டி, பராமரிப்பு இல்லை என்று சொல்லி விற்றார்கள், அது உண்மைதான். ஆனால் கல் ராத்திரிக் குளிரை விழுங்கி வைத்துக்கொண்டு காலை முழுக்கக் கக்கும். பலகை மட்டமாக இருப்பதால் பனித்தண்ணீர் வழியாமல் மேலேயே நிற்கும். வயதானவர்கள் கையில் செய்தித்தாளோடு வந்து, துடைத்துப் பார்த்து, பேப்பரை விரித்து உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிடுவார்கள். கடைசியில் கல்லின்மேல் மரச்சட்டம் போட்டோம். பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தேக்கு. இரண்டரை அங்குல அகலச் சட்டம், சட்டத்துக்குச் சட்டம் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, எவர்சில்வர் திருகு, பின்பக்கம் லேசாகச் சாய்வு. பெஞ்சுக்கு 4,200 ரூபாய். ஜூன் மழைக்கு முன்னால் வருஷம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் பூச வேண்டும். உட்காரும் உயரம் தரையிலிருந்து 45 செ.மீ. சரிவில் இதைக் கவனிக்க வேண்டும். முன்காலடி மண் மழையில் அரித்தால், 45 என்று வைத்தது ஒரே வருஷத்தில் 52 ஆகும், குள்ளமான பாட்டிக்குக் கால் தரையில் படாது. முன்னால் இரண்டடி அகலத்துக்குக் கல் பாவிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. இருபுறமும் கைப்பிடி வையுங்கள். முழங்கால் வலிக்காரருக்கு உட்காருவது பிரச்சினையே இல்லை, எழுவதுதான் பிரச்சினை.

அடுத்தது படி. மேல் ரோட்டிலிருந்து 26 படி, ஒவ்வொன்றும் 20 செ.மீ. உயரம். அதாவது ஐந்து மீட்டருக்கு மேல் இறக்கம். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2017-ல் சொன்ன அளவு ஒன்று உண்டு. ஒவ்வொருவருக்கும் 300 மீட்டர் தூரத்துக்குள், ஐந்து நிமிஷ நடையில், அரை முதல் ஒரு ஹெக்டேர் பசுமையான இடம் இருக்க வேண்டும் என்பது அது. வரைபடத்தில் 300 மீட்டர் என்பது மலையில் வேறு கணக்கு. 1892-ல் ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் சொன்ன விதிப்படி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடும். 300 மீட்டர் தூரத்தில் 30 மீட்டர் ஏற்றம் இருந்தால் மூன்று நிமிஷம் கூடுதல், ஐந்து நிமிஷ நடை எட்டு நிமிஷமாகும். அதுவும் திடகாத்திரமானவருக்கு. வாசல் வாசலாகப் போய் “ஏன் பூங்காவுக்கு வர்றதில்லை?” என்று கேட்டபோது எழுபது தாண்டிய ஒரு பாட்டி சொன்னது: “கீழ இறங்கிடுவேன் கண்ணு, மேல யாரு தூக்கி விடுவா?” பூங்காவில் இருக்கும்போதே அவர்கள் மனசு திரும்பி ஏற வேண்டிய படியை எண்ணிக்கொண்டிருக்கும். படி உயரம் 15 செ.மீ., மிதிக்கிற அகலம் 30 செ.மீ., எட்டுப் பத்துப் படிக்கு ஒரு திண்ணை. இது கிடைத்தால் வருவார்கள். சாய்தளம் போட இடமிருந்தால் ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு 12 மீட்டர் நீளம், ஒன்பது மீட்டருக்கு ஒரு சமதளம். எங்களுக்கு இடமில்லை, வளைத்து வளைத்துப் படியை மட்டும் நீட்டினோம்.

படியில் இரண்டு சின்ன விஷயம். வழவழப்பான கல் வாங்கிப் போட்டிருந்தோம். ஜூனில் பாசி பிடித்ததும் அது வெண்ணெய்க்கட்டி. இரண்டு பேர் விழுந்தார்கள், ஒருவருக்கு மணிக்கட்டு. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தால் இரண்டு வாரம் தாங்கும், பிறகு மறுபடி பாசி, பவுடரெல்லாம் ஓடையில். கடைசியில் அம்மி கொத்துகிறவரைக் கூட்டிவந்து படிப்படியாகக் கொத்த வைத்தோம். அதுதான் அந்த 22,000. முதலிலேயே மெருகு போடாத கல் வாங்கியிருந்தால் விலையும் குறைவு. இன்னொன்று கைப்பிடிக் கம்பி. ஜனவரிக் காலையில் இரும்புக் குழாயை யாரும் தொட மாட்டார்கள், சுரீர் என்று ஏறும். கம்பி இருந்தும் இல்லாத மாதிரி. கறுப்பு நிறத் தண்ணீர்க் குழாயை நெடுகக் கத்தியால் கீறி, வெந்நீரில் இளக்கி, கம்பிமேல் மாட்டி, அடியில் கம்பி முடிச்சுப் போட்டோம். மொத்தச் செலவு ஆயிரத்துக்குள். இந்தப் பூங்காவில் செய்ததிலேயே அதிகப் பேர் கூப்பிட்டுச் சொன்னது இதைப் பற்றித்தான்.

தடுப்புச் சுவர் கதை கொஞ்சம் கசப்பு. 22 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் உயரம், சிமென்ட் வைத்துக் கட்டிய கருங்கல் சுவர். பார்க்கக் கோட்டை மாதிரி இருந்தது. முதல் நவம்பர் மழையில் நடுவில் ஏழு மீட்டர் வயிறு தள்ளியது, நான்காம் நாள் விழுந்தது. ராத்திரி விழுந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை. காரணம் கல்லும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. தண்ணீர் வெளியேற ஓட்டை வைக்கவில்லை. சுவருக்குப் பின்னால் 1.8 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், மண்ணின் தள்ளலைச் சேர்க்காமலேயே, சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஒன்றரை டன்னுக்கு மேல் தள்ளும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிவுகள் எப்படிச் சரிந்தன என்று பார்த்த ஊர் இது, அதை வைத்துக்கொண்டே இப்படிக் கட்டினோம் என்பதுதான் வெட்கம். மூன்று அங்குலக் குழாயை ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறி மாறி, வெளிப்பக்கம் லேசாகச் சரிய வைக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு மண் போடாமல் ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் துணி மாதிரி விற்கிற வடிகட்டு விரிப்பு, இல்லையென்றால் இரண்டு வருஷத்தில் சேறு அடைத்து ஓட்டை வெறும் அலங்காரம். சுவருக்கு மேலே ஓரடிக்கு ஓரடி வாய்க்கால் ஒன்று குறுக்கே எடுத்து, மேட்டுத் தண்ணீரைச் சுவருக்கு வராமலே திருப்ப வேண்டும். ஒன்றரை மீட்டருக்குள் உயரம் என்றால் சிமென்ட்டே வேண்டாம், பழைய எஸ்டேட் வேலைக்காரர்கள் அடுக்குகிற கல்லடுக்குச் சுவர் தானாகவே தண்ணீரை விடும். மண் எடுக்க இயந்திரம் கொண்டுவர நினைக்கிறவர்கள், நீலகிரியில் அதற்கு மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்பதை முதலிலேயே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்குத் தோதான காலம் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. அதற்கு முன் பனி, பின் சீசன் கூட்டம், அப்புறம் மழை.

விளக்கில் பட்ட பாடு சுருக்கமாக. ஆறு மீட்டர் கம்பத்தில் பளிச்சென்ற வெள்ளை எல்இடி போட்டோம். மூடுபனி இறங்கினால் கம்பத்தைச் சுற்றிப் பால் கரைத்த மாதிரி ஒரு உருண்டை மட்டும் தெரியும், காலடியில் படி தெரியாது. வெளிச்சம் மேலிருந்து தூரம் கடந்து வந்தால் பனித்துளியில் பட்டுச் சிதறிவிடும். கம்பத்தை மூன்று மீட்டராக வெட்டி, மேலே மூடி போட்டு, மஞ்சள் வெளிச்சமாக மாற்றி, எண்ணிக்கையைக் கூட்டினோம். படி தொடங்குகிற இடம், முடிகிற இடம், திருப்பம், இந்த மூன்றுக்கும் முதலில் விளக்கு. நடுப் புல்வெளிக்கு ஒன்றும் தேவையில்லை.

இவ்வளவும் ஆன பிறகும் பெண்கள் வரவில்லை. கூட்டத்தில் கேட்டால் “வர்றோமே” என்பார்கள். வாய்ச்சொல்லை நம்பாமல் எண்ணிப் பார்ப்பதுதான் வழி. ஒரு வாரம், காலை ஏழு, பதினொன்று, மாலை நாலரை, ஒரு நோட்டில் நான்கு கட்டம்: ஆண், பெண், பிள்ளைகள், அறுபது தாண்டியவர். எங்கே உட்கார்ந்தார்கள், எவ்வளவு நேரம், எழுந்தபோது என்ன காரணம் தெரிந்தது. எங்கள் நோட்டில் மாலைக் கட்டத்தில் பெண்கள் வரிசை வெறுமையாக இருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் மைக்கில் சொல்லாதது. ஓடைப்பக்கம் ஆளுயரத்துக்கு வளர்ந்த வேலிச்செடி, அதற்குப் பின்னால் குடிக்கிற கூட்டம். புதரை இடுப்புக்குக் கீழே, 75 செ.மீ. உயரத்துக்கு வெட்டினோம். மரத்தின் தாழ்ந்த கிளைகளை, அனுமதி வாங்கி, ஏழடிக்கு மேலே ஏற்றினோம். ரோட்டில் நிற்கிறவருக்குப் பூங்காவின் எல்லா மூலையும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் விதி. காவலாளி போட்டிருந்தால் மாதம் பத்தாயிரத்துக்குக் குறையாது, இதற்குக் கத்தரிக்கோல் கூலி ஒருநாள். உடைந்த பாட்டில் தொல்லை ஓரளவு தானாகவே குறைந்தது. 2022 மே மாதம் தொடங்கி நீலகிரியில் மதுக்கடையில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று வந்ததிலிருந்து, விடிவதற்குள் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கழிப்பிடம் இல்லாத பூங்காவில் பெண்களும் சர்க்கரை நோய்க்காரர்களும் இருபது நிமிஷத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள். தண்ணீர் இல்லாத கழிப்பிடம் அதைவிட மோசம், நாற்றம் முழுப் பூங்காவையும் காலி பண்ணும். கட்டடத்துக்குச் செலவு செய்து தொட்டியில் மிச்சம் பிடிப்பதுதான் வழக்கமான தப்பு. கணக்கு எளிது. ஒருவருக்கு ஆறு லிட்டர், நாளைக்கு எண்பது பேர், கழுவ அறுபது லிட்டர், ஆக 540 லிட்டர். குடிநீர் ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தெருவில் 2,700 லிட்டர் சேமித்தே ஆக வேண்டும். எங்களிடம் இருந்தது 500 லிட்டர் தொட்டி. ஒரே நாளில் காலி. இப்போது ஆயிரம் லிட்டர் தொட்டி மூன்று. 20 சதுர மீட்டர்த் தகரக் கூரையில் 30 மி.மீ. மழைக்கு, சிந்தியது போக, 480 லிட்டர் இறங்கும். மழைக்காலத்தில் குழாய்த் தண்ணீரைத் தொட வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரைதான் நெருக்கடி, அப்போது ஒரு கழிப்பறையைப் பூட்டி, ஒன்றை மட்டும் ஓட்டுகிறோம்.

ஊஞ்சலுக்கு அளவு முக்கியம். தொங்குகிற கம்பி 2.2 மீட்டர் உயரமென்றால் முன்னும் பின்னும் 4.4 மீட்டர் ஒன்றும் இருக்கக் கூடாது. முதலில் மூன்று மீட்டரில் சுவர் இருந்தது, திருப்பிப் போட்டோம். அடியில் மணல் ஓரடி, அதற்கும் அடியில் ஜல்லி நாலு அங்குலம், இல்லையென்றால் ஜூனில் குளம். ரப்பர் ஓடு இங்கே வேண்டாம், பாசி பிடித்தால் கல்லைவிட வழுக்கும்.

காட்டெருமை வரும். வராமல் தடுக்க நினைத்து வேலிக்குச் செலவு செய்யாதீர்கள், அது நினைத்தால் வேலியோடு வரும். பூங்காவுக்கு இரண்டு வழி இருக்க வேண்டும், மேலே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. உள்ளே மாட்டிக்கொண்ட மனிதரும் மாடும் ஒரே வாசலைத் தேடும்போதுதான் ஆபத்து. குப்பைத்தொட்டியைப் பூங்காவுக்குள் வைக்காமல் ரோட்டோரம் மூடியோடு வையுங்கள். தின்பண்ட மிச்சம் இருந்தால் குரங்கு பகலில் வரும், கரடி ராத்திரி வரும்.

பணம் திரட்டும் விஷயத்திலும் ஏமாந்தோம், எங்களை நாங்களே. மொத்த வேலைக்கும் ஆன 6,40,000 ரூபாயையும் தெருவிலேயே வசூலித்தோம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் என்பது வேலை முடிந்த பிறகு ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் தெரிந்தது. தொடங்குவதற்கு முன், நிலம் யார் பெயரில் இருக்கிறது, பராமரிப்பு அனுமதி எழுத்தில் உண்டா என்று பாருங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறினால் போச்சு. பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் வரவேண்டும், அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தை ஒட்டி நடக்கும் பகுதி சபாவில் கோரிக்கையைப் பதிவு செய்தால், அடுத்த முறை பேச ஒரு பிடி கிடைக்கும்.

எல்லாவற்றையும்விட ஜனங்கள் பூங்காவை எடைபோடுவது ஒரு விஷயத்தை வைத்து: ஒன்று உடைந்தால் எத்தனை நாளில் சரியாகிறது. ஊஞ்சல் சங்கிலி அறுந்து ஒரு மாதம் தொங்கினால், மீதி எல்லாம் நன்றாக இருந்தாலும் “யாரும் கவனிக்கிறதில்லை” என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்த வாரமே குப்பை விழத் தொடங்கும். அதனால் முன்கூட்டியே உதிரி வாங்கி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம்: இரண்டு மீட்டர் சங்கிலி, நான்கு கொக்கி, பல்பு மூன்று, குழாய் ஒன்று, திருகு ஒரு டப்பா, கிரீஸ். வாசல் பலகையில் போன் நம்பர் ஒன்று, அதை எடுக்கிறவர் மாதத்துக்கு ஒருவராக மாறுவார். தோட்டக்காரர் வாரம் மூன்று நாள், காலை ஏழு முதல் பத்து. அவருக்கு முதல் வேலை புல் வெட்டுவது இல்லை. ஒரு பழைய துண்டை எடுத்துக்கொண்டு ஆறு பெஞ்சையும் துடைப்பது. மற்ற நாலு நாள் யார் முதலில் வருகிறாரோ அவர் துடைப்பார். துண்டு கம்பியில் தொங்குகிறது. ஒவ்வொரு பனிக்காலத்துக்கும் இரண்டு துண்டு ஆகிறது.